உறுப்பினர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இசையும் நாடகமும் இலக்கியமும் இடம்பெறுவதே மரபு. அவற்றிற்கிடையே சட்டம் பற்றிய சொற்பொழிவொன்றும் இருக்கட்டும் என்று செயலாளர் அவர்கள் விரும்பினார்கள். பயங்கரவாத அமைப்பின் உறுப்பினர் என்று ஒருவரைச் சட்டம் எங்ஙனம் வரையறுக்கிறது, நீதிமன்றத்தில் அதனை எங்ஙனம் மெய்ப்பிக்கிறது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். விழா நாளுக்கேற்ற இனிய பொருள் அன்று இஃது, அறிவேன். ஆயினும் பிறந்த மண்ணை விட்டுத் தொழிலின் பொருட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் ஊரில் ஒரு சங்கம் கண்டு கூடி வாழும் நமக்கு, கூடும் உரிமையின் அருமை மற்றவர்களைக் காட்டிலும் நன்றாகவே தெரியும். நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை வழங்குகிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு, நல்லொழுக்கம் ஆகியவற்றின் பொருட்டு அவ்வுரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்கவும் அதே பிரிவு இடந்தருகிறது. உரிமை முடிந்து குற்றம் தொடங்கும் எல்லை எது என்பதை அறிந்துகொள்வது குடிமக்களாகிய நம் கடன் அன்றோ?

பதிவேடு இல்லாத கூட்டம்

இச்சங்கத்தின் உறுப்பினர் யார் என்று எவரேனும் கேட்டால் விடை சொல்ல நமக்கு ஒரு நொடி போதும். விண்ணப்பப் படிவம் இருக்கிறது. சந்தா ரசீது இருக்கிறது. உறுப்பினர் பதிவேடு இருக்கிறது. விலக விரும்புவோர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. மறைவில் இயங்கும் வன்முறை அமைப்புக்கு இவற்றுள் ஒன்றேனும் உண்டா? அங்கே புனைபெயரே பெயர். சேர்ந்த நாளும் விலகிய நாளும் எவரும் எழுதி வைப்பதில்லை. அத்தகைய அமைப்பைச் சுற்றிப் பலர் நிற்கின்றனர். ஆயுதம் ஏந்தியவன் ஒருவன். அவனுக்கு அஞ்சி ஒரு வேளை உணவளித்த குடியானவன் ஒருவன். அவர்கள் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தைப் படித்த மாணவன் ஒருவன். உடன்பிறந்தவன் என்ற காரணத்தால் பேச்சுவார்த்தை வைத்திருப்பவன் ஒருவன். இவர்களுள் உறுப்பினர் யார்?

குற்றவியல் சட்டம் பொதுவாகச் செயலைத் தண்டிப்பது. கொலை ஒரு செயல். களவு ஒரு செயல். உறுப்பினராக இருத்தல் ஒரு நிலை; ஓர் உறவு. உறவைக் குற்றமாக்கும்போது, உள்ளத்தில் உள்ளதை வெளியடையாளங்களைக் கொண்டு அளக்கவேண்டிய நிலை நீதிமன்றத்துக்கு நேருகிறது. இடர்ப்பாடு அனைத்தும் இங்கேதான் பிறக்கின்றன.

அரசின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2008 நவம்பர் 26-ஆம் நாள் பம்பாயில் தொடங்கிய தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். குண்டு வெடிக்கும்வரை காத்திருந்து, பின்னர் வெடிக்கச் செய்தவனைத் தேடுவது காவல் ஆகாது. ஆள் திரட்டுதல், பணம் சேர்த்தல், மறைவிடம் அளித்தல் ஆகிய நிலைகளிலேயே தடுக்க வேண்டும் என்பது அரசின் வாதம். அதை எளிதில் தள்ளிவிட இயலாது. தடுக்கும் முயற்சியில் தொடர்பற்ற ஒருவனின் வாழ்வு சிதைந்துவிடக் கூடாது என்பதையும் எளிதில் தள்ளிவிட இயலாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பதே நீதியின் வேலை.

சென்னையிலிருந்து சென்ற வழக்கு

குடியரசு பிறந்த சில வாரங்களிலேயே இக்கேள்வி நம் தமிழகத் தலைநகரில் எழுந்தது. 1950 மார்ச்சு 10-ஆம் நாள் சென்னை அரசு, மக்கள் கல்விக் கழகம் என்னும் சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அதன் பொதுச்செயலாளராக இருந்த பாரிஸ்டர் வி. ஜி. ராவ் உயர்நீதிமன்றம் சென்றார், வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச்சு 31-ஆம் நாள் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அம்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

அத்தீர்ப்பின் சாரம் இரண்டு. ஒரு சங்கத்தைத் தடை செய்வதற்குரிய காரணங்களை நீதிமுறையில் ஆராயாமல், அரசின் மனநிறைவொன்றையே போதுமானதாகக் கொள்ளுதல் நியாயமான வரம்பு ஆகாது என்பது ஒன்று. தடையாணையை உறுப்பினர்களுக்கு முறையாகத் தெரிவிக்க வழி செய்யாமல், அவர்களைத் தண்டனைக்கு உள்ளாக்குவது தகாது என்பது மற்றொன்று. அரசிதழில் ஒரு மூலையில் அச்சானதை அறியாத ஒருவன், நேற்றுவரை உரிமையாக இருந்ததை இன்று செய்து குற்றவாளியாகலாமா?

இக்கேள்வியின் பயனைப் பின்னர் வந்த சட்டத்தில் காணலாம். சட்டவிரோதச் செயல்கள் (தடுப்பு)ச் சட்டம் 1967-இல் நிறைவேறியது. மத்திய அரசு ஒரு சங்கத்தைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தால், உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் கொண்ட தீர்ப்பாயம் அதனை ஆராய்ந்து ஆறு மாதத்திற்குள் முடிவு கூற வேண்டும். அறிவிப்பைச் செய்தித்தாளில் வெளியிடுவதோடு, சங்க அலுவலகத்தின் வாயிலில் ஒட்டியும், நிருவாகிகளிடம் நேரில் அளித்தும், பறையறைந்தும் ஒலிபெருக்கி வாயிலாகவும் தெரிவிக்கலாம் என்று அச்சட்டமே வழிமுறைகளை வகுத்திருக்கிறது. பண்டை நாள் தண்டோராவுக்கு இக்காலச் சட்டத்தில் இடம் கிடைத்தது எதனால்? அறியாதவனைத் தண்டிக்கலாகாது என்னும் நெறியால்.

ஒரு சொல், பல குற்றங்கள்

நிற்க. அச்சட்டம் பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்றது. 1985-லும் 1987-லும் வந்த தடாச் சட்டங்களின் காலம் 1995-இல் முடிவுற்றது. 2002-இல் வந்த பொடாச் சட்டம் 2004-இல் நீக்கப்பட்டது. அப்போது பயங்கரவாதம் பற்றிய பகுதிகள் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. இன்று அச்சட்டத்தில் உறுப்பினராக இருத்தல் மூன்று வடிவங்களில் குற்றமாக நிற்கிறது.

சட்டவிரோதச் சங்கத்தின் உறுப்பினராக இருந்து, தொடர்ந்தும் இருப்பவனுக்குப் பத்தாம் பிரிவின்படி இரண்டாண்டுவரை சிறை. பயங்கரவாதச் செயலில் ஈடுபட்ட பயங்கரவாத அமைப்பு அல்லது கும்பலின் உறுப்பினனுக்கு இருபதாம் பிரிவின்படி ஆயுள்வரை சிறை. பயங்கரவாத அமைப்பின் செயல்களை வளர்க்கும் நோக்கத்துடன் அதனோடு தன்னை இணைத்துக்கொள்பவனுக்கு 38-ஆம் பிரிவின்படி பத்தாண்டுவரை சிறை. இவையன்றி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆம் பிரிவிலும் இத்தகைய குற்றம் இடம்பெற்றிருக்கிறது.

இவற்றிடையே உள்ள வேறுபாட்டை நோக்குங்கள். 38-ஆம் பிரிவு நோக்கத்தை வெளிப்படையாகக் கேட்கிறது. பத்தாம் பிரிவில் அச்சொல் இல்லை. பயங்கரவாத அமைப்பு என்பது சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயர் குறிக்கப்பெற்றது. அப்பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கத் தீர்ப்பாயத்தின் ஆய்வு தேவையில்லை. பெயரை நீக்கக் கோருவோர் அரசிடம் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டால் மறுஆய்வுக் குழுவை நாடலாம். பயங்கரவாதக் கும்பல் என்பதற்கோ எந்தப் பட்டியலும் இல்லை. பயங்கரவாதச் செயலில் தொடர்புடைய எந்தக் கூட்டமும் அப்பெயரைப் பெறலாம். இத்தனை நுணுக்கங்கள் அமைந்த சட்டத்தில், உறுப்பினர் என்ற சொல்லுக்கு மட்டும் விளக்கம் தரப்படவில்லை.

2011-உம் 2023-உம்

அஸாமிலிருந்து வந்த ஒரு வழக்கை இங்கே கூறியாக வேண்டும். தடை செய்யப்பட்ட உல்ஃபா அமைப்பின் உறுப்பினர் என்று ஒருவர்மீது தடாச் சட்டப்படி வழக்கு. போலீஸ் சூப்பரிண்டெண்டிடம் அவர் அளித்ததாகக் கூறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலமே முதன்மைச் சான்று. நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தின் பொது விதிப்படி போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் செல்லாது. தடாச் சட்டம் அதற்கு விலக்களித்திருந்தது. 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அவரை விடுதலை செய்தது. இத்தகைய வாக்குமூலம் வலுவற்ற சான்று, அதற்குத் துணைச் சான்று வேண்டும் என்றது முதற்காரணம். அவர் உறுப்பினர் என்றே கொண்டாலும், வன்முறையில் ஈடுபடாமலும் அதற்கு மக்களைத் தூண்டாமலும் வெறும் உறுப்பினராக மட்டும் இருத்தல் குற்றமாகாது என்றது இரண்டாங்காரணம். இதற்கு அமெரிக்கத் தீர்ப்புகள் சிலவற்றை நீதிபதிகள் துணைக்கொண்டனர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச்சு 24-ஆம் நாள், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த இரண்டாங்காரணத்தை மாற்றியது. அமெரிக்க அரசியல் சட்டம் வேறு, நமது வேறு; நம் அரசியல் சட்டம் சங்க உரிமைக்கு வரம்பு விதிக்க வெளிப்படையாகவே இடந்தருகிறது; மத்திய அரசின் வாதத்தைக் கேளாமலேயே அப்பிரிவு சுருக்கிப் பொருள்கொள்ளப்பட்டது; தடையை அறிந்த பின்னும் உறுப்பினராகத் தொடர்வது அவர் தாமே தேர்ந்த வழி; ஆகவே பத்தாம் பிரிவின்கீழ் உறுப்பினராக இருத்தலே குற்றம் என்று அவ்வமர்வு தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு சரியா, தவறா என்னும் வாதத்தில் நான் இறங்கவில்லை. உறுப்பினராக இருத்தலே குற்றம் என்று நிலைபெற்றுவிட்ட பின்னர், வழக்கின் பாரம் முழுவதும் எங்கே போய் விழுகிறது என்பதையே சிந்திக்க வேண்டுகிறேன். முன்னர், அவர் உறுப்பினராகவே இருக்கட்டும், என்ன செய்தார் என்று கேட்கலாம். இன்று, அவர் உறுப்பினர்தாமா என்னும் ஒரே கேள்வியே அவரைக் காக்கும் கதவு. வலுவற்ற சான்றை வலுவற்றது என்று ஒதுக்கும் கடமை 2023-க்குப் பின் குறையவில்லை. பன்மடங்கு கூடியிருக்கிறது என்பதே என் துணிபு.

பிற நாடுகள் கண்ட அனுபவம்

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1946-இல் நியூரம்பர்க் நீதிமன்றம் நாஜிகளின் எஸ்.எஸ்., கெஸ்டபோ முதலிய அமைப்புகளைக் குற்ற அமைப்புகள் என்று அறிவித்தது. மனித குலம் கண்ட கொடுமைகளுள் தலையாயது அது. அப்போதும் அந்நீதிமன்றம் மொத்தமாகத் தண்டிக்க முற்படவில்லை. அமைப்பின் கொடிய நோக்கத்தை அறியாதிருந்தவர்களையும், தம் விருப்பமின்றி அரசால் சேர்க்கப்பட்டவர்களையும், அக்கொடுமைகளில் தாமே பங்கு கொண்டிருந்தாலன்றி விலக்க வேண்டும் என்றது. போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1-க்கு முன்னரே விலகியவர்களையும் விலக்கியது. குற்றம் தனிமனிதனுக்குரியது என்ற நெறியை அப்பெருந்துயரின் நடுவிலும் அவர்கள் கைவிடவில்லை.

அமெரிக்காவில் ஜூனியஸ் ஸ்கேல்ஸ் என்பவர் கம்யூனிஸ்டுக் கட்சியின் உறுப்பினர் என்ற காரணத்துக்காக ஆறாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். 1961-இல் அத்தண்டனையை உறுதி செய்த உச்ச நீதிமன்றமே, பெயரளவு உறுப்பினரைத் தண்டிக்க இயலாது, நோக்கத்தை அறிந்து, அதனை நிறைவேற்றும் எண்ணத்துடன் ஊக்கமாகச் செயற்படுபவரையே தண்டிக்கலாம் என்று வரையறை கூறியது. அன்றே அதே குற்றச்சாட்டில் வந்த மற்றொரு வழக்கில் சான்று போதாதென்று தண்டனையை நீக்கியது. ஸ்கேல்ஸ் சிறை புகுமுன்னரே கட்சியை விட்டு விலகியிருந்தார். 1962-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வேளையில் குடியரசுத் தலைவர் கென்னடி அவரது தண்டனையைக் குறைத்து விடுவித்தார்.

அயர்லாந்து வேறொரு வழியை நாடியது. அங்கு 1972-இல் இயற்றிய சட்டத்தின்படி, தலைமைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி ஒருவர், இவர் தடை செய்யப்பட்ட அமைப்பின் உறுப்பினர் என்று நான் நம்புகிறேன் என்று சாட்சி கூறினால் அதுவும் சான்றாகும். அவர் எதனால் அங்ஙனம் நம்புகிறார் என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், உளவு தந்தவரின் உயிருக்கு ஆபத்து என்று விடை மறுக்கப்படலாம். காணாத சான்றை எங்ஙனம் எதிர்ப்பது? 2013-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றை ஆராய்ந்தது. அந்நம்பிக்கையை மட்டும் கொண்டு தண்டிக்காமல், வேறு சான்றுகளும் இருந்தமையால் விசாரணை நியாயமானதே என்று முடிவு கூறியது.

துருக்கியில் நிகழ்ந்ததோ இக்காலத்துக்கே உரியது. 2016-ஆம் ஆண்டு இராணுவப் புரட்சி முயற்சிக்குப் பின்னர், பைலாக் என்னும் கைபேசிச் செயலியைப் பயன்படுத்தினார் என்பதையே முதன்மைச் சான்றாகக் கொண்டு, பயங்கரவாத அமைப்பின் உறுப்பினர்கள் என்று பலர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஆசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2023 செப்டம்பர் 26-ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவும் நோக்கமும் இருந்தனவா என்று ஒவ்வொருவரிடத்தும் தனித்தனியே ஆராயாமல், செயலி இருந்தது, ஆகவே உறுப்பினர் என்று தானாக முடிவு கட்டுவது சட்டமின்றித் தண்டிப்பதற்கு ஒப்பாகும் என்றது. அப்போது அதே நீதிமன்றத்தில் அத்தகைய மனுக்கள் ஏறத்தாழ 8,500 காத்திருந்தன.

சான்று என்பது எது?

சிலப்பதிகாரக் கதையை நாம் அனைவரும் அறிவோம். கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்தது; பொற்கொல்லன் ஒருவன் சொன்னான்; அரசன் ஆராயாமல் ஆணையிட்டான். சிலம்பை உடைத்துப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது. கையில் இருந்த பொருளும் ஒருவர் சொன்ன சொல்லும் மட்டுமே சான்றாகிவிடுதல் எத்துணைப் பெருந்தீங்கு விளைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்கால வழக்குகளில் சிலம்பின் இடத்தில் நூல்களும் கடிதங்களும் நிற்கின்றன. 2019-இல் கோழிக்கோட்டில் மாவோயிஸ்டுத் தொடர்பு கூறி இரு மாணவர்கள் கைது செய்யப்பட்டனர். துண்டுப் பிரசுரங்களும் நூல்களும் எடுக்கப்பட்டன. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அமைப்போடு தொடர்பு என்பது மட்டும் போதாது, அதன் செயல்களை வளர்க்கும் நோக்கமும் முதனோக்கில் தெரிய வேண்டும் என்று கூறிப் பிணைக்கு வழி செய்தது. 2023 ஜூலையில் மகாராஷ்டிர வழக்கொன்றில், வன்முறையைப் போற்றும் நூலை வைத்திருந்தமை மட்டுமே பயங்கரவாதக் குற்றம் ஆகாது என்றும், பிறர் எழுதிப் பிறரிடம் எடுக்கப்பட்ட கடிதங்களின் சான்று மதிப்பு குறைவானது என்றும் கூறியது. இருவர் எழுதிக்கொண்ட கடிதத்தில் மூன்றாமவன் பெயர் இருந்தால், அப்பெயருக்கு உரியவன் என்ன செய்வான்?

சதி வழக்கிலும் இதே நெறி காணப்படுகிறது. 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் எழுவரின் கொலைச்சதிக் குற்றத்தை மட்டும் உறுதி செய்தது; மற்ற 19 பேரைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. சிலர்மீது சிறு குற்றங்கள் மட்டும் நின்றன. சதிகாரரோடு பழகுவதும், சதியை அறிந்திருப்பதும்கூட சதியில் உடன்படுவது ஆகா என்பதே அதன் அடிப்படை. நாடே துயரத்தில் ஆழ்ந்த வழக்கிலும் ஆளுக்கு ஆள் சான்றைப் பிரித்துப் பார்க்க முடிந்தது என்பது நம் நீதிமன்றத்துக்குப் பெருமை.

காலமும் சுமையும்

இன்னும் இரண்டு சிக்கல்கள் உள. ஒன்று காலம். தடை வருமுன்னர் சேர்ந்தவன் தடைக்குப் பின் என்ன ஆகிறான்? 38-ஆம் பிரிவு அவனுக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. தான் சேர்ந்தபோது அமைப்பு அட்டவணையில் இல்லை என்பதையும், அட்டவணையில் உள்ள காலத்தில் அதன் செயல் எதிலும் பங்கு கொள்ளவில்லை என்பதையும் அவன் மெய்ப்பிக்க வேண்டும். ஒன்றைச் செய்ததை மெய்ப்பிக்கலாம். செய்யாததை எங்ஙனம் மெய்ப்பிப்பது? மறைவுக் கூட்டம் விலகல் கடிதத்துக்கு ரசீது தருமா? இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதனையொத்த விதி உண்டு. 2004-இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அதனைத் தளர்த்திப் பொருள்கொண்டனர். குற்றம் சாட்டப்பட்டவர் அதற்கு ஆதாரம் காட்டி வினாவை எழுப்பினால் போதும், அதனை மறுத்து மெய்ப்பிக்கும் சுமை அரசினுடையது என்றனர்.

மற்றொன்று பிணை. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குற்றச்சாட்டு முதனோக்கில் உண்மை என்று கருத நியாயமான காரணம் இருந்தால் பிணை இல்லை. அந்நிலையில் சான்றுகளை ஆழ்ந்து ஆராய்தல் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. விசாரணை மிக நீண்டுபோனால் அரசியல் சட்ட உரிமையை முன்னிட்டுப் பிணை வழங்கலாம் என்று 2021-இல் அதே நீதிமன்றம் ஒரு வாயிலைத் திறந்தது. எனினும் உறுப்பினரா அல்லரா என்ற கேள்வி விசாரணையில் சோதிக்கப்படுமுன், ஆண்டுகள் பல சிறையில் கழியலாம். இறுதியில் விடுதலை கிடைக்கலாம். இழந்த இளமை கிடைக்குமா?

முடிவாகச் சில சொற்கள்

உறுப்பினர் என்று ஒருவரைக் கூறுமுன் நீதிமன்றம் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும் என்பது என் கருத்து. அக்காலத்தில் அவ்வமைப்பு தடையில் இருந்ததை அவர் அறிவாரா? தம் விருப்பத்தோடு சேர்ந்தாரா? ஒரு பொறுப்பை ஏற்றார், ஓர் ஆணையை நிறைவேற்றினார் என்று காட்டும் செயல் ஏதேனும் உண்டா? அச்செயலை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சான்றுகள் உறுதி செய்கின்றனவா? இந்நான்கையும் கேட்பதால் குற்றவாளி தப்பிவிட மாட்டான். உண்மையான உறுப்பினன் எங்கேனும் தடம் விட்டே செல்கிறான். பணத்தில், பயணத்தில், ஆயுதத்தில், ஆணையில். அத்தடத்தைத் தேடும் உழைப்பைப் போலீசாரிடமிருந்து சட்டம் கேட்க வேண்டும். உழைப்புக்குப் பதிலாக ஐயத்தை ஏற்றுக்கொண்டால், குற்றமற்றவன் உள்ளே இருப்பான். குற்றவாளி வெளியே உலவுவான்.

இங்கு கூடியுள்ள பெற்றோர்களுக்கு ஒரு சொல். நம் பிள்ளைகள் கல்விக்காகவும் வேலைக்காகவும் தொலைவான ஊர்களில் தங்கியிருக்கின்றனர். அவர்கள் படிக்கட்டும், வாதிக்கட்டும், மாற்றுக் கருத்துக் கொள்ளட்டும். அது இளமையின் உரிமை. ஆனால் எந்தக் கழகத்தில் பெயர் கொடுக்கிறோம், எந்தக் காரியத்துக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதைக் கேட்டறிந்து செய்யும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும். வெளிச்சத்துக்கு அஞ்சும் கூட்டம் எதுவாயினும் அதனிடம் எச்சரிக்கை வேண்டும். அதே வேளையில், அடுத்த வீட்டுப் பிள்ளை கைதானான் என்று செய்தி வந்தவுடன் அக்குடும்பத்தோடு பேசுவதை நிறுத்திவிடும் வழக்கத்தையும் நாம் விட்டொழிக்க வேண்டும். நீதிமன்றம் தீர்ப்புக் கூறுமுன் நாம் தீர்ப்புக் கூறுதல் தகாது. வன்முறையை வெறுப்பவர்களாகவும், ஆராயாமல் ஒருவரையும் குற்றவாளி என்னாதவர்களாகவும் நாம் ஒருங்கே இருத்தல் இயலும். அத்தகைய குடிமக்கள் வாழும் நாட்டில் சட்டமும் தன் எல்லையை மறவாது.